துண்டுத்துணியில் குவில்ட்: பிரிப்பதிலிருந்து தைப்பது வரை

தைத்து முடித்த பிறகு மிஞ்சுகிற துணிகளை நிறம் நிறமாக அடுக்கி வைத்தால் பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் தைக்க உட்காரும்போது அந்த அடுக்கு கைகொடுப்பதில்லை. நீலத் துணிகள் இருக்கும் பெட்டியைத் திறந்தால் கைக்குட்டை அளவில் ஒன்று, விரல் அகலத்தில் நாலைந்து நாடா, கழுத்து வெட்டியபோது விழுந்த வளைவுத் துண்டு, ஓரம் பிரிந்துபோன முக்கோணம் என்று எல்லாம் கலந்து கிடக்கும். ஒவ்வொன்றாக எடுத்து, சுருக்கம் நீக்கி, அளந்து, வெட்டின பிறகுதான் ஊசியையே தொட முடியும். அரை மணி நேரம் ஓய்வு கிடைக்கிற அன்றைக்கு அந்த அரை மணியும் இதிலேயே போய்விடும். துண்டுத்துணி சேர்க்கிற நிறையப் பேர் குவில்ட், அதாவது துண்டுகளை இணைத்துத் தைக்கும் போர்வையோ விரிப்போ, தைக்காமலே இருந்துவிடுவதற்கு இதுதான் காரணம் என்பது என் எண்ணம்.

அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அளவு முதலில், நிறம் அப்புறம். ஒரு துணி பெட்டிக்குள் போவதற்கு முன்பே அது என்ன அளவுத் துண்டாக ஆகப்போகிறது என்று முடிவு செய்து, வெட்டிவிட வேண்டும். இது பழகிவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரிதான்.

குவில்ட் என்பது மூன்று அடுக்கு. மேலே துண்டுகளைக் கட்டம் கட்டமாக இணைத்துச் செய்த துணி, நடுவில் பஞ்சு அடுக்கு, அடியில் ஒரு முழுத் துணி. மூன்றையும் சேர்த்து ஊடுருவித் தைத்து, ஓரத்தைச் சுற்றிப் பட்டி வைத்து முடிப்பார்கள். துண்டுத்துணிக்கு வேலை இருப்பது மேலடுக்கில்தான் என்பதால் இந்தக் கட்டுரையும் பெரும்பாலும் அதைப் பற்றியே பேசும்.

எதை வைத்துக்கொள்வது

ஆரம்பத்தில் நடுத்தர கனமுள்ள, நெய்த பருத்தித் துணியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பருத்தி இஸ்திரிச் சூட்டைத் தாங்கும், மடித்த மடிப்பு அப்படியே நிற்கும், ஒன்றின் மேல் ஒன்று வைத்தால் வழுக்காது. துண்டு இணைக்கும் வேலைக்கு இந்த மூன்றும் வேண்டும்.

பனியன் துணி மாதிரி இழுத்தால் நீள்கிற பின்னல் துணிகளைத் தனியாக வையுங்கள். நெய்த துணியோடு சேர்த்துத் தைத்தால் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு கட்டம் கோணிவிடும். ஜீன்ஸ் துணியையும் தனியாக வைப்பது நல்லது. அது மெல்லிய பருத்திக்குப் பக்கத்தில் வந்தால் அதன் கனமும் உரசலும் சேர்ந்து மெல்லிய துணியைச் சீக்கிரம் நைந்துபோகச் செய்யும். ஜீன்ஸோடு ஜீன்ஸ் சேர்த்தால் உறுதியான விரிப்பு கிடைக்கும், அதை இரண்டாவது முயற்சியாக வைத்துக்கொள்ளலாம். பட்டு வழுக்கும், நூல் பிரியும். பின்பக்கம் ஒட்டு கேன்வாஸ் வைத்து இஸ்திரி போட்டால் அடங்கும் என்றாலும் முதல் குவில்ட்டுக்கு அது வேண்டாம்.

துணி பருத்திதானா என்று சந்தேகம் வந்தால் நகக்கண் அளவுத் துணுக்கை வெட்டி, இடுக்கியில் பிடித்து, தண்ணீர்த் தொட்டிக்கு மேலே வைத்து நெருப்பில் காட்டுங்கள். பருத்தி என்றால் காகிதம் எரிகிற வாசனை வரும், சாம்பல் தொட்டால் பொடியும். பாலியஸ்டர் சுருங்கி உருகும், ஆறின பிறகு கெட்டியான கறுப்பு உருண்டையாக நிற்கும். பட்டும் கம்பளியும் முடி கருகுகிற நாற்றம் அடிக்கும். உருகுகிற துணிகள் இஸ்திரிப் பெட்டியில் ஒட்டிக்கொள்ளும் என்பதால் இந்தச் சோதனை வீண்வேலை இல்லை.

பழைய உடைகளிலிருந்து துணி எடுப்பவர்கள் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். இழைகளுக்கு இடையே வெளிச்சம் சீராக வந்தால் சரி. ஓரிடத்தில் மட்டும் பளிச்சென்று தெரிந்தால் அங்கே துணி தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். முழங்கால், முழங்கை, காலர் மடிப்பு, உட்காருமிடம் ஆகியவை இப்படித்தான் இருக்கும். சட்டையின் முதுகுப் பகுதியும், நீளப் பாவாடையின் கீழ்ப்பகுதியும் பெரும்பாலும் புதிதுபோலவே இருக்கும். தேய்ந்த துணியைச் சேர்த்தால் மற்ற எல்லாத் துண்டுகளும் நன்றாக இருக்கும்போதே அந்த ஒன்று மட்டும் கிழிந்து நிற்கும். மனதுக்குப் பிடித்த துணியாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

எவ்வளவு சின்னத் துண்டு வரை வைக்கலாம் என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. குவில்ட்டில் தையலுக்கு நான்கு பக்கமும் கால் அங்குலம் போகும். 1½ அங்குலச் சதுரம் தைத்த பிறகு 1 அங்குலமாகத் தெரியும். 1 அங்குலச் சதுரத்தில் வெளியே தெரியப்போவது அரை அங்குலம்தான், பாதிக்கு மேல் துணி உள்ளே மறைந்துவிடும். எனவே 1½ அங்குலத்தை எல்லைக்கோடாக வைத்துக்கொள்ளுங்கள். அதற்குக் கீழே உள்ளதைத் தூக்கிப் போட மனசு வராவிட்டால் தலையணை அடைக்க ஒரு தனிப் பையில் போடலாம். தைக்கும் பெட்டிக்குள் மட்டும் வரவிடாதீர்கள்.

துவைப்பும் இஸ்திரியும்

பருத்தி முதல் துவைப்பில் சுருங்கும். துவைத்த துணியும் துவைக்காத துணியும் ஒரே குவில்ட்டில் சேர்ந்தால் பின்னால் துவைக்கும்போது சில கட்டங்கள் மட்டும் இழுத்துக்கொள்ளும். எல்லாவற்றையும் துவைத்துவிடுவதே பாதுகாப்பு. சின்னத் துண்டுகளை அப்படியே வாஷிங் மெஷினில் போட்டால் ஓரமெல்லாம் நூலாகப் பிரிந்து ஒரே சிக்கலாக வரும். வலைப் பையில் கட்டிப் போடுங்கள், அல்லது வாளியில் ஊறவைத்துக் கையால் அலசுங்கள்.

சாயம் போகுமா என்று பார்க்க ஒரு வழி: துணியை நனைத்து, வெள்ளைத் துணி ஒன்றின் மேல் வைத்து, சூடான இஸ்திரிப் பெட்டியால் அழுத்துங்கள். வெள்ளையில் நிறம் இறங்கினால் அதைத் திரும்பத் திரும்ப அலசிப் பாருங்கள். அப்போதும் இறங்கினால் வெளிர் துணிகளோடு சேர்க்க வேண்டாம். அடர் சிவப்பு, அடர் நீலம், கறுப்பு ஆகிய மூன்றையும் கட்டாயம் சோதித்துவிடுங்கள்.

இஸ்திரி போடுவதில் குவில்ட்டுக்கென்று ஒரு முறை இருக்கிறது. சட்டைக்குச் செய்வதுபோல் பெட்டியை இழுத்துத் தேய்க்கக் கூடாது. தூக்கி வைத்து, அழுத்தி, மறுபடி தூக்கி அடுத்த இடத்தில் வைக்க வேண்டும். இழுத்தால் சின்னத் துண்டு நீண்டு, சதுரம் சாய்சதுரமாகிவிடும்.

இதற்குக் காரணம் நெசவில் இருக்கிறது. பாவு நூல் நீளவாக்கில் ஓடுகிறது, ஊடை குறுக்கே ஓடுகிறது. பாவு வழியாக இழுத்தால் துணி அநேகமாக நீளாது, ஊடை வழியாகக் கொஞ்சம் நீளும். இரண்டுக்கும் நடுவே, மூலைவாட்டில், தையல்காரர்கள் கிராஸ் என்று சொல்லும் திசையில் இழுத்தால் நன்றாகவே நீளும். துண்டுத்துணியில் கரை ஓரம் இருக்காது என்பதால் எது பாவு என்று கண்ணுக்குத் தெரியாது. இரண்டு கையாலும் பிடித்து ஒவ்வொரு திசையிலும் இழுத்துப் பாருங்கள், விரலுக்கே தெரிந்துவிடும். சதுரமோ நாடாவோ வெட்டும்போது அதன் ஓரங்கள் நூல் ஓடும் வழியிலேயே அமைய வேண்டும். கிராஸில்தான் வெட்ட முடியும் என்ற நிலையில் இருக்கும் துணிக்கு வெட்டுவதற்கு முன்பே கஞ்சியோ ஸ்டார்ச்சோ தெளித்து இஸ்திரி போட்டு விறைப்பாக்கிவிடுங்கள்.

மூன்றே அளவுகள்

குவில்ட் தைப்பவர்கள் ஆளுக்கு ஒரு அளவு வரிசை வைத்திருப்பார்கள். புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கு 1½, 2, 3½ அங்குலம் ஆகிய மூன்றும் போதும் என்பேன். ஒன்றோடொன்று பொருந்துகிற அளவுகள் இவை. கணக்கைப் பாருங்கள்.

2 அங்குலச் சதுரம் தைத்த பிறகு 1½ ஆகும். நான்கை இரண்டுக்கு இரண்டாக இணைத்தால் 3 அங்குலம், வெளி ஓரத்தில் தையலுக்கு விட்ட அரை அங்குலம் சேர்த்து 3½. 1½ அங்குலச் சதுரம் தைத்த பிறகு 1 ஆகும். ஒன்பதை மூன்றுக்கு மூன்றாக இணைத்தால் அதுவும் 3½. 1½ அங்குல அகலமும் 3½ நீளமும் உள்ள நாடா மூன்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தைத்தாலும் 3½. ஆக, மூன்று பெட்டியிலிருந்தும் எதை எடுத்தாலும் கடைசியில் 3½ அங்குலக் கட்டமாக முடிகிறது. நான்கு துண்டுக் கட்டம், ஒன்பது துண்டுக் கட்டம், நாடாக் கட்டம், ஒற்றைத் துணிக் கட்டம் நான்கையும் எப்படி வேண்டுமானாலும் கலந்து அடுக்கலாம், அளவு இடிக்காது.

சென்டிமீட்டரில் வேலை செய்பவர்கள் தையலுக்கு 0.75 செ.மீ. விட்டு, 3.5, 4.5, 7.5 என்று வெட்டிக்கொள்ளுங்கள். அதே பொருத்தம் கிடைக்கும். ஒரே குவில்ட்டில் அங்குலத்தையும் சென்டிமீட்டரையும் கலக்காமல் இருந்தால் சரி.

வெட்டும்போது பெரிய அளவிலிருந்து கீழே இறங்குங்கள். கையில் 6 அங்குல அகலம், 9 அங்குல நீளத்தில் ஒரு துண்டு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதலில் நீளவாக்கில் 3½ அங்குல நாடா ஒன்று. அதிலிருந்து இரண்டு 3½ சதுரம் கிடைக்கும், 2 அங்குலம் மிஞ்சும். மிஞ்சியதை 2-க்கு 3½ செவ்வகமாகவே வைத்துக்கொள்ளலாம், இன்னொரு செவ்வகத்தோடு இணைந்தால் அதுவும் ஒரு கட்டம். கீழே 2½ அங்குல அகலத்தில் மீதி இருக்கிறது. அதில் 2 அங்குல நாடா ஒன்று வெட்டுங்கள். அதைச் சதுரமாக நறுக்கினால் நான்கு வரும். ஆனால் நறுக்க வேண்டாம். 8 அங்குலத்துக்கு மேல் நீளமுள்ள நாடாவை நாடாவாகவே வைத்திருப்பது நல்லது. நாடாவை எப்போது வேண்டுமானாலும் சதுரமாக்கலாம், சதுரங்களைத் திரும்ப நாடாவாக்க முடியாது.

ரோட்டரி கட்டர் (உருளும் வட்ட பிளேடு உள்ள கத்தி), வெட்டும்போது துணிக்கு அடியில் விரிக்கும் மேட், ஒளி ஊடுருவும் ஸ்கேல் மூன்றும் இருந்தால் வேலை வேகமாக நடக்கும். 45 மி.மீ. பிளேடு உள்ள கட்டர் ஆரம்பத்துக்குப் போதும். உடம்பை விட்டு வெளிப்பக்கமாகவே உருட்டுங்கள், கீழே வைக்கும் ஒவ்வொரு முறையும் பிளேடை மூடுங்கள். கட்டர் இல்லையென்றால் கெட்டி அட்டையில் மூன்று அளவுகளையும் துல்லியமாக வெட்டி, பின்பக்கம் கொஞ்சம் உப்புத்தாள் ஒட்டிக்கொள்ளுங்கள், துணியில் நகராது. பென்சிலால் சுற்றி வரைந்து நல்ல கத்தரியால் வெட்டலாம். அட்டை ஓரம் நாளாக நாளாகத் தேயும், அவ்வப்போது அளந்து பார்த்துப் புதிதாக வெட்டிக்கொள்ளுங்கள்.

கையால் தைப்பவர்களுக்கு இன்னொரு வழி வசதி. தைத்து முடித்த அளவில், அதாவது 1, 1½, 3 அங்குலத்தில் அட்டை செய்து, துணியின் பின்பக்கத்தில் வைத்துக் கோடு வரையுங்கள். சுற்றிலும் கால் அங்குலம் கண்ணளவில் விட்டு வெட்டுங்கள். நீங்கள் வரைந்த கோடுதான் தையல் கோடு. வெட்டு ஓரம் கொஞ்சம் முன்பின் இருந்தாலும் கட்டம் பிசகாது.

வெளிர், அடர்

அளவுவாரியாக மூன்று பெட்டி ஆயிற்று. இப்போதுதான் நிறம் வருகிறது, அதுவும் சிவப்பு, பச்சை என்ற கணக்கில் வேண்டாம். ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் இரண்டு பைகள், ஒன்றில் வெளிர் துணிகள், இன்னொன்றில் அடர்ந்தவை. குவில்ட்டில் வடிவத்தைக் கண்ணுக்குக் காட்டுவது இந்த வெளிர், அடர் வேறுபாடுதான். நடுத்தரச் சிவப்பும் நடுத்தரப் பச்சையும் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் கைக்கெட்டும் தூரத்தில் எடுப்பாகத் தெரியும், நாலடி தள்ளி நின்றால் இரண்டும் ஒன்றாகக் கலந்து கட்டமே தெரியாமல் போகும்.

எது வெளிர், எது அடர் என்று குழப்பமாக இருந்தால் துண்டுகளை வரிசையாகப் பரப்பி, செல்போனில் கறுப்பு வெள்ளைப் படமாக எடுத்துப் பாருங்கள். நிறம் போய்விடும், அடர்த்தி மட்டும் நிற்கும். மஞ்சள் எவ்வளவு வெளிர், ஊதா எவ்வளவு அடர் என்பது அப்போது நன்றாகத் தெரியும். நடுவில் நிற்கிற துணிகளும் நிறைய இருக்கும். அவற்றை ஒரு மூன்றாவது பையில் போடுங்கள். வெள்ளைக்குப் பக்கத்தில் அது அடர், கருநீலத்துக்குப் பக்கத்தில் அதுவே வெளிர்.

பெட்டியின் மேல் அளவைப் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். வெயில் படாத இடத்தில் வையுங்கள், இல்லாவிட்டால் மேலே இருக்கிற துண்டுகள் வெளுத்துவிடும். ஈரம் துளியும் இல்லாமல் காய்ந்த பிறகே மூடுங்கள்.

கால் அங்குலத்தைச் சோதியுங்கள்

தைக்க ஆரம்பிக்கும் முன் உங்கள் மெஷினில் கால் அங்குலம் எது என்று தெரிந்துகொள்ள வேண்டும். ஸ்கேலை ஊசிக்குக் கீழே வைத்து, கால் அங்குலக் கோட்டின் மேல் ஊசியை இறக்கி, ஸ்கேலின் ஓரத்தை ஒட்டி மெஷின் தகட்டில் ஒரு டேப் ஒட்டுங்கள். துணியின் ஓரம் அந்த டேப்பை உரசியபடி போக வேண்டும்.

அப்புறம் 1½-க்கு 3½ நாடா மூன்றை எடுத்து நீளவாக்கில் இணைத்து, இஸ்திரி போட்டு அளந்து பாருங்கள். மொத்த அகலம் 3½ அங்குலமும், நடு நாடா சரியாக 1 அங்குலமும் இருக்க வேண்டும். குறைந்தால் நீங்கள் கால் அங்குலத்துக்கு மேல் பிடிக்கிறீர்கள். நூலின் தடிமனும் துணி மடிகிற இடமும் சேர்ந்து கொஞ்சம் தின்றுவிடும் என்பதால் டேப்பை ஒரு மயிரிழை ஊசிப் பக்கம் நகர்த்த வேண்டியிருக்கும். மறுபடி மூன்று நாடா, மறுபடி அளவு. சரியாக வரும்வரை செய்யுங்கள், இதில் அவசரம் வேண்டாம். ஒரு தையலில் இரண்டு துணியிலும் ஆளுக்கு 1/16 அங்குலம் அதிகமாகப் பிடித்தால் அந்தத் தையல் 1/8 அங்குலத்தை விழுங்குகிறது. 12 கட்டம் உள்ள வரிசையில் 11 தையல், கடைசியில் ஒன்றே கால் அங்குலத்துக்கும் மேலே குறையும். பக்கத்து வரிசையில் வேறு மாதிரிப் பிசகினால் இரண்டையும் சேர்க்கவே முடியாது.

மெஷினுக்கு 80/12 ஊசி, பருத்தி நூல், 2 மி.மீ. அளவில் தையல். நூலின் நிறத்துக்காகக் கவலைப்பட வேண்டாம். வெளிர் சாம்பல் நிறம் ஒன்று இருந்தால் எல்லாத் துணிக்கும் ஒத்துப்போகும்.

முதல் குவில்ட்: 18 அங்குலச் சதுரம்

குஷன் உறையாகவோ மேசை விரிப்பாகவோ ஆகக்கூடிய அளவு இது. ஆறுக்கு ஆறு, மொத்தம் 36 கட்டம். அதில் பாதி நான்கு துண்டுக் கட்டம், பாதி ஒற்றைத் துணிக் கட்டம். 2 அங்குலப் பெட்டியிலிருந்து வெளிர் 36, அடர் 36 எடுங்கள். 3½ பெட்டியிலிருந்து 18 சதுரம் எடுங்கள். இந்த 18-க்கு மட்டும் ஒரு யோசனை: முடிந்தால் எல்லாம் ஒரே துணியாகவோ, ஒரே மாதிரி அமைதியான நிறங்களாகவோ இருக்கட்டும். சின்னத் துண்டுகள் அத்தனையும் ஆளுக்கொரு நிறத்தில் இருக்கும்போது கண் இளைப்பாற ஓர் இடம் வேண்டும்.

முதலில் ஒரு வெளிரும் ஓர் அடரும் நல்ல பக்கம் உள்ளே இருக்குமாறு சேர்த்து ஒரு பக்கம் தையுங்கள். தைத்து முடித்ததும் நூலை அறுக்காமல், இரண்டு தையல் வெறுமனே ஓடவிட்டு, அடுத்த ஜோடியை நுழையுங்கள். 36 ஜோடியும் தோரணம் போல் வரிசையாக வெளியே வரும். அப்புறம் ஒரே மூச்சில் நறுக்கலாம். நூலும் மிச்சம், நேரமும் மிச்சம். எந்தத் துணி எந்தத் துணியோடு சேர வேண்டும் என்று யோசித்துக்கொண்டு உட்காராதீர்கள். இரண்டு பையிலிருந்தும் கைக்கு வந்ததை எடுங்கள். நாமே தேர்ந்தெடுத்தால் தெரியாமலே ஒத்த நிறங்களாகச் சேர்த்துவிடுவோம், குவில்ட் சோர்ந்து தெரியும். ஒரே துணி ஜோடியாக வந்தால் மட்டும் மாற்றுங்கள்.

ஜோடியைப் பிரித்து, தையல் மடிப்பு இரண்டையும் அடர் துணிப் பக்கமாகச் சாய்த்து இஸ்திரி போடுங்கள். வெளிர் பக்கம் சாய்த்தால் உள்ளே இருக்கும் அடர் நிறம் வெளியே நிழலாகத் தெரியும். இன்னொரு லாபமும் இருக்கிறது. இரண்டு ஜோடிகளை எதிரும் புதிருமாக வைத்துச் சேர்க்கும்போது ஒன்றின் மடிப்பு இந்தப் பக்கமும் மற்றதன் மடிப்பு அந்தப் பக்கமும் சாய்ந்திருக்கும். நடுவில் விரலால் தடவினால் இரண்டும் பள்ளத்தில் மேடாக ஒன்றை ஒன்று கவ்விக்கொள்வது தெரியும். அந்த இடத்தில் குண்டூசி குத்தித் தைத்தால் நான்கு மூலையும் ஒரே புள்ளியில் சந்திக்கும். இப்படி 18 கட்டம்.

எல்லாவற்றையும் தரையிலோ கட்டிலிலோ பரப்புங்கள். ஒரு நான்கு துண்டுக் கட்டம், ஒரு ஒற்றைக் கட்டம் என்று மாறி மாறி வரட்டும், அடுத்த வரிசை ஒற்றைக் கட்டத்தில் ஆரம்பிக்கட்டும். நான்கு துண்டுக் கட்டங்களில் அடர் சதுரங்கள் எல்லாம் ஒரே மூலைவாட்டில் சாய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். படமெடுத்து வைத்துக்கொண்டால் மெஷினுக்கு எடுத்துப் போகும்போது வரிசை குழம்பாது. ஒவ்வொரு வரிசையாகத் தைத்து, மடிப்புகளை ஒற்றைக் கட்டத்தின் பக்கமாகச் சாய்த்து இஸ்திரி போடுங்கள். அப்படிச் செய்தால் வரிசைகளைச் சேர்க்கும்போதும் மடிப்புகள் தாமாகவே கவ்விக்கொள்ளும். முடிவில் 18½ அங்குலம் இருக்கும்.

மீதி வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அடித்துணியும் பஞ்சு அடுக்கும் நாலு பக்கமும் 2 அங்குலம் பெரிதாக இருக்கட்டும். அடித்துணியை நல்ல பக்கம் கீழே இருக்கும்படி தரையில் டேப்பால் இழுத்து ஒட்டி, மேலே பஞ்சு, அதற்கு மேல் நீங்கள் தைத்தது. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சேஃப்டி பின் குத்துங்கள். நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் தையல் ஓட்டுங்கள், ஓரத்திலிருந்து ஆரம்பித்தால் நடுவில் சுருக்கம் சேர்ந்துவிடும். தையல்களுக்கு இடையே அதிகபட்சம் எவ்வளவு இடைவெளி விடலாம் என்பது பஞ்சு அடுக்கின் உறையில் போட்டிருக்கும், அதை மீறினால் துவைக்கும்போது பஞ்சு திரண்டுவிடும். ஓரப் பட்டிக்கு 2½ அங்குல அகல நாடாக்கள் வேண்டும். சுற்றளவு 74, மூலை மடிப்புக்கும் இணைப்புக்கும் 10 சேர்த்து 84 அங்குலம். பல துணிகளின் நாடாவை இணைத்தும் இதைச் செய்யலாம். இணைப்பை 45 டிகிரி சாய்வில் போட்டால் ஒரே இடத்தில் மொத்தையாகத் தெரியாது. பட்டியை நீளவாக்கில் இரண்டாக மடித்து முன்பக்கம் மெஷினில் தைத்து, பின்பக்கம் திருப்பி ஹெம்மிங் போட்டு முடிக்கலாம்.

நாடாக்களுக்கு இரண்டு வழி

நாடா நிறையச் சேர்ந்தவர்கள் லாக் கேபின் என்ற கட்டத்தைத் தைத்துப் பாருங்கள். நடுவில் 2½ அங்குலச் சதுரம், அதைச் சுற்றி 1½ அங்குல நாடாக்கள். முதல் சுற்றில் நாடாவின் நீளம் 2½, 3½, 3½, 4½. அடுத்த சுற்றில் 4½, 5½, 5½, 6½. மூன்றாவது சுற்றில் 6½, 7½, 7½, 8½. ஒவ்வொரு நாடாவையும் தைத்தவுடன் வெளிப்பக்கமாகச் சாய்த்து இஸ்திரி போட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள். ஒவ்வொரு சுற்றிலும் முதல் இரண்டு நாடா வெளிர், அடுத்த இரண்டும் அடர் என்று வைத்தால் கட்டம் மூலைவாட்டில் வெளிச்சம், நிழல் என்று இரண்டாகப் பிரியும். அப்படி 16 கட்டம் செய்து திருப்பித் திருப்பி அடுக்கினால் கோடு, வைரம், சதுர வளையம் என்று விதவிதமாக வரும். எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்த கட்டம் இதுதான். வெளிர், அடர் பிரித்து வைத்ததன் முழுப் பலனும் இங்கே கிடைக்கிறது.

அகலம் சீராக இல்லாத, சற்றே கோணலான நாடாக்களை வெட்டிச் சீராக்கி வீணடிக்க வேண்டியதில்லை. மெல்லிய வெள்ளைத் தாளை 6½ அங்குலச் சதுரமாக வெட்டிக்கொள்ளுங்கள். அச்சடித்த செய்தித்தாள் வேண்டாம், மை துணியில் ஏறும். ஒரு நாடாவை மூலைக்கு மூலை, நல்ல பக்கம் மேலே இருக்கும்படி வையுங்கள். அதன் மேல் இன்னொரு நாடாவை நல்ல பக்கம் கீழே இருக்கும்படி ஓரம் சேர்த்து வைத்து, தாளோடு சேர்த்துத் தையுங்கள். மேல் நாடாவைத் திருப்பி இஸ்திரி போடுங்கள். இப்படியே இரண்டு பக்கமும் மூலை மறைகிறவரை சேர்த்துக்கொண்டே போங்கள். தையலை 1.5 மி.மீ. அளவுக்குக் குறைத்துக்கொண்டால் தாள் நெருக்கமாகத் துளைபட்டு, பின்னால் சுலபமாகக் கிழியும். கடைசியில் தாளின் ஓரத்தை ஒட்டி வெட்டினால் துல்லியமான சதுரம். நாடாக்கள் மூலைவாட்டில் ஓடுவதால் கட்டத்தின் நாலு ஓரமும் கிராஸில் இருக்கும், தொட்டாலே இழுபடும். எனவே கட்டங்களை ஒன்றோடொன்று தைத்து முடிக்கும்வரை தாளைக் கிழிக்காதீர்கள். தாளுக்குப் பதில் மெல்லிய பழைய பருத்தித் துணியை வைத்தால் கிழிக்கும் வேலையே இல்லை, கனம் மட்டும் கொஞ்சம் கூடும்.

பெட்டி நிரம்பி வழியாமல் இருக்க

மெஷின் பக்கத்தில் எப்போதும் ஒரு கிண்ணத்தில் 2 அங்குலச் சதுரங்கள் சிலவற்றை வைத்திருங்கள், வெளிரும் அடருமாக. வேறு எதைத் தைத்தாலும் முதலில் ஒரு ஜோடிச் சதுரத்தை நுழைத்து, நூலை அறுக்காமல் உண்மையான வேலையைத் தொடருங்கள். முடிவிலும் இன்னொரு ஜோடி. தையலின் ஆரம்பத்தில் நூல் சிக்குவதும், ஓரம் ஊசித் துளைக்குள் இழுபடுவதும் இந்தச் சதுரங்களோடு போய்விடும். அதோடு, தனியாக நேரம் ஒதுக்காமலே ஜோடிகள் சேர்ந்துகொண்டு வரும். கொஞ்ச நாளில் அடுத்த குவில்ட்டுக்கு வேண்டியதில் பாதி தயாராகியிருக்கும்.

புதிதாக ஏதாவது தைத்து முடித்த அன்றே, கத்தரியை எடுத்து வைப்பதற்கு முன், அதன் மிச்சத்தை மூன்று அளவுகளில் வெட்டிப் பெட்டியில் போட்டுவிடுங்கள். இஸ்திரிப் பெட்டியும் சூடாகத்தான் இருக்கும், துணியும் சுருங்கியிருக்காது. ஏற்கெனவே மூட்டையாகக் கிடக்கும் பழைய துண்டுகளை ஒரே நாளில் முடிக்க நினைக்காதீர்கள். உட்காரும்போது ஒரு கைப்பிடி எடுத்து அதை மட்டும் முடியுங்கள்.

1½ அங்குலத்துக்குக் கீழே விழுந்த துணுக்குகள் அந்தத் தனிப் பையில் சேர்ந்துகொண்டிருக்கும். அவற்றை அப்படியே திணித்தால் தலையணை கல்லாக இருக்கும், இன்னும் பொடியாக நறுக்கிப் போடுங்கள். உறைக்குள் அடைப்பதற்கு முன் ஒரு தட்டில் பரப்பி, காந்தம் ஒன்றை மேலே மெல்ல ஓட்டுங்கள். குண்டூசியோ உடைந்த ஊசி முனையோ கலந்திருந்தால் அதில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும்.